வான்கோமைசின் ஏற்றுகிறார்கள் என்றால்: நோயாளிக்கும் துணையிருப்பவருக்கும் ஒரு வழிகாட்டி

சிங்கப்பூர் மருத்துவமனை வார்டில் என்னைப் போலத் தமிழ் பேசும் தாதி ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும், பக்கத்து வார்டிலிருந்தும் கூப்பிட்டு அனுப்புவார்கள். ஒருமுறை அப்படிப் போனபோது, எழுபது வயது தாண்டிய பாட்டி ஒருவர் டிரிப் பையைக் காட்டி, "மிஸ்ஸி, இது என்ன தண்ணி? ஒரு மணி நேரமாச்சு, இன்னும் பாதி அப்படியே இருக்கு. கொஞ்சம் வேகமா விட்டா என்ன?" என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகள் தயங்கித் தயங்கி, "நான்கூட அந்தச் சக்கரத்தைத் தள்ளிவிடலாமான்னு பார்த்தேன்" என்றார். பையில் இருந்தது வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக், அதாவது கிருமியைக் கொல்லும் மருந்து. நல்லவேளை, தள்ளவில்லை.

அந்த மருமகளைப் போல முதல்முறையாக இந்த மருந்தின் பெயரைக் கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எவ்வளவு மருந்து, எத்தனை நாள் என்பதெல்லாம் மருத்துவரும் மருந்தாளரும் முடிவு செய்வது. ஆனால் வான்கோமைசினில் நேரம்தான் பாதி வைத்தியம். எப்போது தொடங்கினார்கள், எவ்வளவு நேரம் ஏறியது, ரத்தம் எப்போது எடுத்தார்கள் என்பதில்தான் அதன் நன்மையும் தீமையும் இருக்கிறது. அதைக் கவனிக்க மருத்துவம் படித்திருக்க வேண்டாம். ஒரு சின்ன நோட்டும் பேனாவும் கையில் இருந்தால் போதும்.

ஏன் இந்த மருந்து, ஏன் ஊசி வழியாக

நம் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாகக் குடியிருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமிக்குப் பென்சிலின் குடும்ப மருந்துகளை எதிர்க்கும் ஒரு வகை உண்டு. அதைத்தான் எம்ஆர்எஸ்ஏ என்கிறார்கள். பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்த மெத்திசிலின் என்ற மருந்து 1959இல் வந்தது; எம்ஆர்எஸ்ஏவின் 'எம்' அதுதான். அதற்கு அடங்காத கிருமியை 1961லேயே பிரிட்டனில் கண்டுவிட்டார்கள். இந்தக் கிருமி ரத்தத்திலோ எலும்பிலோ இதய வால்விலோ புகுந்துவிட்டால் மருத்துவர்கள் முதலில் கையில் எடுக்கும் மருந்துகளில் ஒன்று வான்கோமைசின். கிருமி தன் சுவரைக் கட்டும்போது அந்தச் சுவரின் துண்டுகளைப் போய்ப் பற்றிக்கொண்டு, சுவர் எழும்ப விடாமல் செய்வதுதான் இதன் வேலை.

இந்த மருந்து பிறந்த இடம் நமக்கு அயல் வீடு. 1950களின் தொடக்கத்தில் போர்னியோ காட்டு மண்ணை ஒரு மதபோதகர் அமெரிக்காவின் எலை லில்லி நிறுவனத்துக்கு அனுப்பினார். அந்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்துதான் இதைப் பிரித்தெடுத்தார்கள். 1958இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆரம்பத்தில் சுத்தம் குறைவாக, பழுப்பு நிறத்தில் இருந்ததால் 'மிசிசிப்பிச் சேறு' என்று அதற்குப் பட்டப்பெயர். இன்று வருவது வெள்ளைத் தூள். தண்ணீரில் கரைத்துப் பையில் சேர்க்கிறோம்.

துவாஸ் தொழிற்பேட்டையில் வெல்டராக இருந்த மன்னார்குடித் தம்பி ஒருவர், "மாத்திரையா குடுத்தீங்கன்னா ரூம்லயே போட்டுக்குவேன்க்கா, வேலை போயிடும்" என்று கெஞ்சினார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் வான்கோமைசின் மூலக்கூறு உருவத்தில் பெரியது. விழுங்கினால் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகாது. வாய்வழி வான்கோமைசின் என்று ஒன்று இருப்பது உண்மைதான். அது குடலுக்குள்ளேயே இருக்கும் ஒருவகைக் கிருமிக்கு மட்டும் கொடுப்பது. முதுகெலும்பில் சீழ் வைத்த தம்பிக்கு அது உதவாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையில் சேர்ந்தவுடன் மூக்கிலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுப்பார்கள். அதில் எம்ஆர்எஸ்ஏ இருக்கிறது என்று வந்தால் பயந்துவிட வேண்டாம். கிருமி தோலில் தங்கியிருப்பது வேறு, நோயாக மாறுவது வேறு. தங்கியிருப்பதற்கு வான்கோமைசின் ஏற்ற மாட்டார்கள். படுக்கையை மாற்றுவார்கள், கையுறையும் மேலங்கியும் போட்டுக்கொண்டு வருவார்கள், கிருமிநாசினி கொண்டு குளிக்கச் சொல்வார்கள். "எங்க அம்மாவைத் தீண்டத்தகாதவங்க மாதிரி நடத்துறாங்க" என்று ஒரு மகன் கண்கலங்கியது எனக்கு இன்னும் மறக்கவில்லை. அப்படியில்லை. பக்கத்துப் படுக்கையில் அறுவை சிகிச்சை முடிந்தவர் இருக்கிறார். தாதியின் கையில் ஒட்டிக்கொண்டு அவருடைய புண்ணுக்குக் கிருமி போய்விடக் கூடாது, அவ்வளவுதான். நீங்கள் செய்ய வேண்டியது உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் கையைக் கழுவுவது.

முதல் மூன்று நாள்: கல்ச்சர் முடிவுக்குக் காத்திருங்கள்

நோயாளி காய்ச்சலோடு நடுங்கிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வந்தால், கிருமி எது என்று தெரியும்வரை காத்திருக்க நேரம் இருக்காது. முதலில் ரத்தத்தைக் கல்ச்சருக்கு (எந்தக் கிருமி வளர்கிறது என்று பார்க்கும் சோதனை) எடுத்துவிட்டு, சந்தேகத்தின் பேரில் வான்கோமைசினைத் தொடங்குவார்கள். கூடவே வேறொரு ஆன்டிபயாட்டிக்கும் போகலாம், ஏனென்றால் இ-கோலை, கிளெப்சியெல்லா போன்ற, கிராம்-நெகட்டிவ் என்ற வேறு பிரிவுக் கிருமிகளை வான்கோமைசின் தொடவே தொடாது. கல்ச்சரில் ஏதாவது முளைக்கிறதா என்பது பெரும்பாலும் ஓரிரு நாளில் தெரியும். எந்த மருந்துக்கு அடங்கும் என்பது தெரிய மேலும் ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும்.

மூன்றாம் நாள் காலையில் மருத்துவர் குழு படுக்கையருகே வரும்போது கேளுங்கள்: "ரத்தக் கல்ச்சரில் என்ன வந்திருக்கிறது? எம்ஆர்எஸ்ஏவா, இல்லை சாதாரண ஸ்டெஃபா?" இந்தக் கேள்விக்கு ஒரு காரணம் இருக்கிறது. வந்தது சாதாரண வகை என்றால் வான்கோமைசினை நிறுத்திவிட்டு குளோக்ஸாசிலினுக்கோ செஃபாசோலினுக்கோ மாறுவார்கள். அப்போது பல குடும்பங்கள் கலங்கிப்போகின்றன. "பெரிய மருந்தை நிறுத்திட்டு பழைய மருந்தைப் போடுறாங்களே, காசுக்காகவா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். உண்மை நேரெதிர். பென்சிலின் குடும்பத்துக்கு அடங்கும் கிருமியை அந்தக் குடும்ப மருந்துகள்தான் வான்கோமைசினைவிட நன்றாகக் கொல்லும். அந்த மாற்றம் நல்ல செய்தி. என்னைக் கேட்டால், வான்கோமைசின் நிறுத்தப்படும் நாள்தான் பல நோயாளிகளுக்கு வைத்தியம் சரியான தடத்தில் விழும் நாள்.

பென்சிலின் அலர்ஜி என்று சிறு வயதில் யாரோ சொன்னதை நினைவு வைத்திருந்தால் அதையும் முழுமையாகச் சொல்லுங்கள். எந்த வயதில், என்ன ஆனது, மூச்சு முட்டியதா, இல்லை வயிற்றுப்போக்கு மட்டுமா? "அலர்ஜி" என்ற ஒற்றைச் சொல்லால் நல்ல மருந்து கிடைக்காமல் போனவர்கள் உண்டு.

ஊரிலிருந்து வரும்போது பையில் ஆன்டிபயாட்டிக் பட்டை கொண்டுவந்து, காய்ச்சலுக்கு இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டு வந்திருந்தால் அதை மறைக்காதீர்கள். கல்ச்சரில் கிருமி முளைக்காமல் போவதற்கு அந்த நான்கு மாத்திரை போதும். பட்டையின் அட்டையைக் காட்டினால் இன்னும் நல்லது. யாரும் திட்ட மாட்டார்கள்.

டிரிப் ஏறும் நேரம்

டோஸ் உடல் எடையைப் பார்த்துக் கணக்கிடுவது. சிறுநீரகம் நன்றாக இருக்கும் பெரியவர்களுக்கு வழக்கமாகக் கிலோவுக்கு 15 முதல் 20 மில்லிகிராம், 8 அல்லது 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. 60 கிலோ உள்ளவருக்கு ஒரு தடவைக்கு ஏறக்குறைய ஒரு கிராம். நோய் கடுமையாக இருந்தால் முதல் டோஸ் மட்டும் கூடுதலாக இருக்கும். ஆகவே எடையைக் கேட்டால் தோராயமாகச் சொல்லாதீர்கள். தராசில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு கிராம் மருந்து குறைந்தது ஒரு மணி நேரம் ஏற வேண்டும். நிமிடத்துக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு வைத்தால் அதுவே 100 நிமிடம். வேகமாக ஏறினால் உடம்பில் ஹிஸ்டமின் என்ற, அரிப்பு உண்டாக்கும் பொருள் கொட்டும். முகம், கழுத்து, மேல்மார்பு சிவக்கும், அரிப்பு எடுக்கும், சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். நம் நிறத்தில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, இது முக்கியம். படத்தில் காட்டுவது போல முகம் செக்கச்செவேலென்று ஆகுமென்று காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். நான் பார்த்த ஒரு தாத்தா டிரிப் தொடங்கிக் கால் மணி நேரத்தில் தலையைச் சொறிய ஆரம்பித்தார். அப்புறம் கழுத்து, அப்புறம் காதோரம். "கொசு கடிக்குதும்மா" என்றார். பதினோராம் மாடி, ஏர்கான் அறை, கொசு எங்கிருந்து வரும்? கழுத்தில் கை வைத்துப் பார்த்தால் சுடுகிறது. டிரிப்பை நிறுத்தி, அரிப்புக்கு மருந்து கொடுத்து, பிறகு வேகத்தைக் குறைத்து மறுபடி ஏற்றினோம். தாத்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆகவே முதல் டோஸின்போது பக்கத்தில் இருங்கள். அரிப்பு, சூடு, தலைசுற்றல், முதுகுத் தசையில் இழுப்பு, எதுவாக இருந்தாலும் மணியை அழுத்துங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ மணியையும் அழுத்துங்கள், குரலும் கொடுங்கள். அது வேறு ரகம், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

அரிப்பு அடங்கிய பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. "இது அலர்ஜியா, வேகத்தால் வந்ததா? குறிப்பில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். வேகத்தால் வந்த சிவப்பை 'வான்கோமைசின் அலர்ஜி' என்று எழுதிவிட்டால், இன்னொரு நாள் உயிருக்கு ஆபத்தான நேரத்தில் இந்த மருந்து கைக்கு எட்டாமல் போகும்.

ஊசி போட்ட இடம் எரிந்தாலோ, வீங்கினாலோ, நரம்பு கயிறு போலத் தடித்தாலோ பொறுத்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள். நம் பெரியவர்கள் இதில் மிக மோசம். "பிள்ளைக்கு ஏன் தொந்தரவு" என்று கையை போர்வைக்குள் மறைத்துக்கொள்வார்கள். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கும். போர்வையை விலக்கிப் பாருங்கள்.

ரத்தம் எடுக்கும் நேரம்

இந்த மருந்து ரத்தத்தில் குறைந்தால் கிருமி சாகாது. கூடினால் சிறுநீரகம் பாதிக்கும். அதனால்தான் அடிக்கடி ரத்தம் எடுத்து அளவு பார்க்கிறார்கள். பழைய முறையில் அடுத்த டோஸுக்குச் சற்று முன், கடைசி அரை மணி நேரத்துக்குள் எடுப்பார்கள். 2020இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் அந்த ஒற்றை எண்ணை நம்பாமல், ஒரு நாள் முழுவதும் உடம்பு எவ்வளவு மருந்தைச் சந்திக்கிறது என்று கணக்கிடச் சொல்கிறது. கடுமையான எம்ஆர்எஸ்ஏவுக்கு அந்தக் கணக்கு 400 முதல் 600க்குள் இருக்க வேண்டும். அதற்கு டோஸ் முடிந்து ஓரிரு மணி நேரத்தில் ஒன்று, அடுத்த டோஸுக்கு முன் ஒன்று என்று இரண்டு தடவை எடுக்கலாம். எந்த முறையானாலும் நேரம் பிசகினால் எண் பொய் சொல்லும்.

முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரு மகள் பள்ளிக்கூட நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். அப்பாவுக்குக் காலை 8, இரவு 8 என்று டோஸ். அன்று எம்ஆர்ஐ எடுக்கப் போனதால் காலை டோஸ் 11 மணிக்குத்தான் தொடங்கியது. மாலை ஏழரைக்கு வழக்கம்போல ரத்தம் எடுத்தார்கள். அளவு எகிறியிருந்தது, டோஸைக் குறைக்கலாம் என்று பேச்சு. மகள் நோட்டை நீட்டினார்: "11:05 தொடங்கியது, 12:50 முடிந்தது." மருந்தாளர் அதைப் பார்த்துவிட்டு, உடம்பிலிருந்து மருந்து இறங்க மூன்று மணி நேரம் குறைந்திருக்கிறது என்று புரிந்துகொண்டார். டோஸைத் தொடவில்லை. மறுநாள் சரியான நேரத்தில் எடுத்த அளவு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

அந்த நோட்டில் இருந்தது மூன்று பத்திதான்: தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ரத்தம் எடுத்த நேரம். கழிப்பறைக்குப் போக டிரிப்பை நிறுத்தியிருந்தால் ஓரத்தில் அதையும் எழுதியிருந்தார். மருந்து ஏறும் அதே கையின் லைனிலிருந்து ரத்தம் எடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டலாம் என்பதால் எந்தக் கை என்பதும் இருந்தது. நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

சிறுநீரகத்தைக் காப்பது

சிறுநீர் குறைகிறதா, காலில் வீக்கம் வருகிறதா என்று தினமும் பாருங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் எண் எவ்வளவு, நேற்றைவிடக் கூடியிருக்கிறதா என்று கேளுங்கள். ஹெல்த்ஹப் என்ற அரசாங்கச் சுகாதாரச் செயலியில் சிங்பாஸ் கணக்கு வழியாக நுழைந்தால் சில முடிவுகளை நீங்களே பார்க்கலாம். முதுகுவலிக்கு ஊரிலிருந்து வந்த டைக்ளோஃபெனாக், கடையில் வாங்கிய ஐபுபுரோஃபென், தேக்கா கடைகளில் வாங்கிய லேகியம், சூரணம் இவையெல்லாம் மேசை இழுப்பறையில் இருந்தால் எடுத்துக் காட்டுங்கள். வலி மாத்திரையும் வான்கோமைசினும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு இரட்டைச் சுமை. பிப்பராசிலின்-டாசோபாக்டம், ஜென்டாமைசின் போன்ற வேறு ஆன்டிபயாட்டிக்குகளோடு சேரும்போதும் அப்படித்தான். அது மருத்துவருக்குத் தெரியும், லேகியம் தெரியாது. காதில் இரைச்சல், காது கேட்பது மங்குவது, வாரங்கள் கழித்துக் காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடிப்பு வருவது, இவற்றையும் உடனே சொல்ல வேண்டும்.

ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாப்டோமைசின், லினிசோலிட் என்று மாற்று உண்டு.

வாரக் கணக்கும் வீடு திரும்புவதும்

"காய்ச்சல் போயிடுச்சே, வீட்டுக்கு அனுப்புங்க" என்பது இரண்டாம் வாரத்தில் எல்லோரும் கேட்பது. ரத்தத்தில் எம்ஆர்எஸ்ஏ இருந்தால், சிக்கல் எதுவும் இல்லாதவருக்கே குறைந்தது 14 நாள். இதய வால்வில் என்றால் 6 வாரம். எலும்பில் என்றால் 6 முதல் 8 வாரம், சில நேரம் அதற்கு மேலும். கவனியுங்கள், நாளை எண்ணுவது மருந்து தொடங்கிய தேதியிலிருந்து இல்லை. ரத்தக் கல்ச்சர் முதல்முறையாகச் சுத்தமாக வந்த தேதியிலிருந்து. அந்தத் தேதியைக் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள்.

இத்தனை வாரமும் படுக்கையிலேயே கிடக்க வேண்டும் என்பதில்லை. மேற்கையின் நரம்பு வழியாக இதயத்துக்கு அருகே வரை போகும் மெல்லிய குழாயை, பிக் லைன் என்பார்கள், பொருத்திவிட்டு வெளிநோயாளியாக மருந்தேற்றும் ஏற்பாடு இங்குள்ள பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் இருக்கிறது. ஓபாட் என்று சொல்வார்கள். சில இடங்களில் சிறு பலூன் பம்பு ஒன்றைக் கொடுப்பார்கள். பலூன் மெதுவாகச் சுருங்கச் சுருங்க மருந்து நாள் முழுக்க ஏறும், பை தோளில் தொங்கும். தீபாவளிக்கு வீட்டில் இருந்தாக வேண்டும் என்று அடம்பிடித்த ஒரு அப்பா, அந்தப் பையை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு முறுக்குப் பிழிந்த படத்தைக் குடும்பத்தார் எனக்குக் காட்டினார்கள்.

வீட்டுக்குப் போகுமுன் இவற்றைக் கேட்டு முடியுங்கள்: வாரம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை எங்கே, கட்டு மாற்றுவது எந்த நாள், ராத்திரி சந்தேகம் வந்தால் எந்த எண்ணைக் கூப்பிடுவது. குளிக்கும்போது லைன் நனையாமல் பிளாஸ்டிக் சுற்றுங்கள். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ வேறு எங்கும் விடாதீர்கள். அரிசி மூட்டை, பேரக்குழந்தை, இரண்டையும் தூக்க வேண்டாம். லைனுக்குள் உப்புநீர் செலுத்திக் கழுவியதும் குளிர்நடுக்கம் வந்தால் லைனிலேயே கிருமி ஏறியிருக்கலாம். கை வீங்கினால் ரத்தம் உறைந்திருக்கலாம். இரண்டுக்கும் அன்றே போக வேண்டும். மூச்சுத் திணறல், மயக்கம் என்றால் ஆம்புலன்ஸுக்கு 995.

பன்னிரண்டு பேர் படுக்கும் தங்கும் விடுதி அறையில் இருப்பவருக்கு இது எளிதில்லை. லைன் பராமரிப்பு, தினமும் போய்வரும் வண்டி, எல்லாம் சிக்கல். டிஸ்சார்ஜ் தேதி சொல்வதற்கு முன்பே மருத்துவ சமூக ஊழியரிடம் சொல்லிவிடுங்கள். கடைசி நாளில் சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

காசும் விடுப்பும்

குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பி2, சி வார்டு வகுப்புகளில் அரசாங்க மானியம், மெடிஷீல்ட் லைஃப் காப்புறுதி, மெடிசேவ் மருத்துவச் சேமிப்பு இருக்கின்றன. வெளிநோயாளியாக ஆன்டிபயாட்டிக் ஏற்றுவதற்கும் மெடிசேவை ஒரு வரம்புக்குள் எடுக்கலாம். அதற்கும் மேல் முடியாத குடிமக்களுக்கு மெடிஃபண்ட் என்ற உதவி நிதி; விண்ணப்பத்தைச் சமூக ஊழியர் செய்து தருவார்.

வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவரின் மருத்துவச் செலவுக்கு முதலாளி பொறுப்பு. 2023 ஜூலை 1 முதல் எடுக்கும் அல்லது புதுப்பிக்கும் காப்புறுதி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) இருக்க வேண்டும். அதற்கு முன் அது 15,000 வெள்ளியாக இருந்தது. ஆகவே "ஆறு வாரம் படுத்தா கம்பெனி ஊருக்கு அனுப்பிடும், பாதியில நிறுத்திக்கிறேன்" என்று முடிவெடுக்கும் முன் சமூக ஊழியரிடமோ மனிதவள அமைச்சிடமோ பேசுங்கள். ஆறு மாதம் வேலை செய்தவருக்கு வேலை நியமனச் சட்டப்படி ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு மருத்துவமனை விடுப்பு உண்டு. சாதாரண எம்சியின் (மருத்துவ விடுப்புச் சான்று) 14 நாளும் அதற்குள் அடக்கம். டிஸ்சார்ஜுக்குப் பிறகு மருத்துவர் எழுதும் ஓய்வையும் சிகிச்சையையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாம். ஆறு வாரம் என்பது 42 நாள். எம்சி எந்த வகையில் எழுதப்பட்டிருக்கிறது என்று காகிதத்தை வாங்கும்போதே பாருங்கள். மன்னார்குடித் தம்பி அதைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போய், மறுபடி வந்து மாற்றி வாங்க வேண்டியதாயிற்று.

லைனை எடுக்கும் நாள்

கடைசி டோஸ் முடிந்து, ரத்த முடிவுகளைப் பார்த்துவிட்டுத்தான் பிக் லைனை எடுப்பார்கள். படுக்க வைத்து மெதுவாக உருவினால் சில நிமிடத்தில் வந்துவிடும். பெரும்பாலோருக்கு வலி தெரிவதில்லை. அந்த இடத்தின் கட்டை ஒரு நாள் முழுக்க நனைக்காமல் வையுங்கள். மருந்து நின்ற பிறகு வரும் வாரங்களில் காய்ச்சலோ, பழைய இடத்தில் வலியோ திரும்பினால், மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்க்காமல், நேரே அதே மருத்துவமனைக்கு வாருங்கள். வரும்போது அந்த நோட்டையும் கொண்டு வாருங்கள்.